வீட்டுச் சுவரா, கடற்கரை மணலா: யோகா எங்கே செய்வது?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு வயது 34, ஐடி வேலை, வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை பிளாட். மூன்று மாதமாக ஹாலில் பாய் விரித்து, வீடியோ பார்த்து யோகா செய்து வருகிறார். அலுவலக நண்பர் ஒருவர், ‘நாலு சுவத்துக்குள்ள செஞ்சா அது வெறும் எக்சர்சைஸ், பீச்சுல இல்லேன்னா பார்க்குல செஞ்சாத்தான் யோகா’ என்று சொல்லிவிட்டார். இவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம், வீட்டில் ஒரு நிமிடம் நிற்பது, அங்கே பத்து விநாடிகூட நிற்கவில்லை, திரும்பி வரும்போது மணிக்கட்டு வலி வேறு. வீடா வெளியா, எது சரி என்று கேட்கிறார்.

நண்பர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பழைய நூல்கள் அதற்கு நேர் எதிராகப் பேசுகின்றன. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்வாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகை, யோகம் பழகுகிறவன் இருக்கும் குடில் எப்படி இருக்க வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்கிறது. சின்ன வாசல், ஜன்னல் கிடையாது, பொந்து கிடையாது, மேடு பள்ளம் கூடாது, சாணி மெழுகிச் சுத்தமாக, பூச்சி பொட்டு அண்டாமல் இருக்க வேண்டும். ஜன்னலே வேண்டாம் என்கிறார் மனுஷன். மண்டபம், கிணறு எல்லாம் வெளியே, அதையும் சுற்றி ஒரு மதில். அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய சுவேதாசுவதர உபநிடதம் கொஞ்சம் தாராளம். தண்ணீர்ச் சத்தம் கேட்கலாம், மனசுக்குப் பிடித்த இடமாக இருக்கலாம், கண்ணை வருத்தக் கூடாது என்கிறது. ஆனால் அதுவும் காற்றடிக்காத, குகை மாதிரி மறைவான இடத்தைத்தான் கேட்கிறது, கூடவே கல், நெருப்பு, மணல் இவை இல்லாத சமதரை வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. மணல் கூடாது! பெசன்ட் நகர் அங்கேயே அடிபட்டுப் போச்சு.

சாஸ்திரத்தில் இருக்கிறது, அப்படியே செய்யுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் சென்னை மே மாதத்தில் உட்கார்ந்தால் சமாதி நிலை வேறு விதமாக வந்துவிடும். மலை உச்சியில், சூரியன் உதிக்க, ஒற்றைக்காலில் நிற்பதுதான் அசல் யோகா என்கிற படம் நம் மனசில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது, அது பழைய மரபு இல்லை என்று காட்டத்தான். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. உலகம் அறிந்த யோகா ஆசிரியர்களான பி.கே.எஸ். அய்யங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குருவான கிருஷ்ணமாச்சாரியா, 1950களில் சென்னைக்கு வந்து 1989ல் நூறு வயதில் காலமாகும்வரை இங்கேதான் இருந்தார். மைசூர் அரண்மனை யோகசாலையில் பையன்களைக் கூட்டமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தவர், சென்னையில் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக, அவரவர் வயசுக்கும் உடம்புக்கும் தகுந்த மாதிரி சொல்லிக்கொடுத்தார். அப்படிக் கற்றதை வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் தினமும் செய்வதுதான் முறை. கடற்கரை பக்கத்திலேயே இருந்தும் அதுதான் முறை.

அதனால் என் பதில்: வீட்டில் கற்றுக்கொள்ளுங்கள், வெளியில் போய் அதைக் காற்றாட விடுங்கள். புதிதாக ஓர் ஆசனத்தை மணலில் போய்ப் பழகாதீர்கள். நான் பதினேழு வருடமாகச் செய்கிறேன், அக்கம்பக்கத்தில் சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த ஒரு விதியை மீறினபோதெல்லாம் யாருக்காவது எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கே நடந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு ஈசிஆர் பக்கம் ஒரு கடற்கரை முகாம். சிரசாசனம் அப்போதுதான் சுவரோரமாக எனக்கு வசப்பட ஆரம்பித்திருந்தது. ‘மணல் மெத்தை மாதிரி, விழுந்தாலும் அடிபடாது’ என்று முகாம்காரர் சொன்னார், நானும் நம்பினேன். விழுந்தால் அடிபடாது, உண்மைதான். நிற்கும்போதுதான் பிரச்சினை. இடது முழங்கைக்குக் கீழே மணல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, பாரம் கையிலிருந்து கழுத்துக்கு மாறியது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல், ரோட்டைக் கடக்கவே உடம்போடு திரும்பிப் பார்த்தேன். சிரசாசனத்துக்குத் தரை அசையவே கூடாது. மணல், புல், மெத்தை, தடி ஜிம் மேட் எதுவும் ஆகாது.

சரி, வீட்டுக்கு வருவோம். வீட்டில் இருக்கிற நல்ல வாத்தியார் சுவர். பிரேம் மாட்டாத, சுவிட்ச் போர்டு இல்லாத ஆறடிச் சுவர் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பீரோவை நகர்த்தினாலும் பரவாயில்லை. முதுகைச் சுவரில் சாய்த்துத் தாடாசனத்தில், அதாவது காலைச் சேர்த்து நேராக, நில்லுங்கள். குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்னந்தலை நாலும் சுவரில் படுகிறதா? கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் பலருக்குப் பின்னந்தலை படாது. பட வைக்க முகவாயைத் தூக்குவார்கள், அது ஏமாற்று வேலை. முகவாய் தரைக்கு இணையாக இருக்கட்டும், தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கைத்துண்டை மடித்து வையுங்கள். அந்தத் துண்டின் மடிப்பு மாதாமாதம் குறைகிறதா என்பதுதான் உங்கள் முன்னேற்ற அட்டை. இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருந்தால் போதும், முழங்கையே நுழைகிறது என்றால் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறீர்கள்.

காலை அகட்டிப் பக்கவாட்டில் சாய்கிற திரிகோணாசனத்தையும் இதே சுவரில் முதுகு படச் செய்து பாருங்கள். வீடியோவில் அந்தப் பெண் தரையைத் தொடுகிறாளே என்று நாமும் கையைத் தரைக்குக் கொண்டுபோகப் பார்ப்போம், உடனே மேல் பக்கத்து இடுப்பு சுவரை விட்டு முன்னால் வந்துவிடும், மார்பு தரையைப் பார்க்கும். சுவர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும், வீடியோ காட்டாது. கை தரைக்குப் போக வேண்டியதில்லை, ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு இடுப்பைச் சுவரிலேயே வைத்திருக்க முடிந்தால் அன்றைக்கு ஆசனம் சரியாக வந்தது என்று அர்த்தம். அப்புறம் விபரீதகரணி. படுத்துக்கொண்டு காலைச் சுவரில் ஏற்றி வைப்பது. நேராகப் போய் ஏற்றப் பார்த்தால் பின்புறம் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்றுவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து திரும்பிக்கொண்டே காலை ஏற்றினால் சரியாக வரும். ஆபீஸ் முடிந்து வந்து பத்து நிமிடம் இதைச் செய்தால், நின்றும் உட்கார்ந்தும் கனத்துப்போன கால் எவ்வளவு இலேசாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

மொபைல் விஷயம். வீடியோ பார்த்துச் செய்வதில் பெரிய சிக்கல், பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான். கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்குகிற அதோமுக சுவானாசனத்தில் தலை தொங்க வேண்டும், நீங்களோ அடுத்து என்ன என்று கழுத்தைத் திருகி மொபைலைப் பார்க்கிறீர்கள். முன்னால் குனியும்போதும் அதே கதை. ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு, முதலில் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள், ஆசனங்களின் வரிசையை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், அப்புறம் வீடியோவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஒரே வரிசையை ஒரு மாதம் செய்தால் போர் அடிக்கும் என்பார்கள். அடிக்கும்தான். ஆனால் அடுத்தது என்ன என்கிற கவலை போன பிறகுதான் மூச்சு எப்படிப் போகிறது என்று கவனிக்கவே நேரம் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு புது வீடியோ மாற்றுகிறவர்கள் வருடக்கணக்கில் ஆரம்ப நிலையிலேயே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருமுறையாவது நேரில் ஓர் ஆசிரியர் உங்களைப் பார்க்கட்டும், குறைந்தது முதல் ஆறு மாதமாவது. சுவர் தப்பைக் காட்டும், ஏன் தப்பு வருகிறது என்று சொல்லாது.

பாய்க்கு எவ்வளவு செலவு செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டடி அகலம், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். நீங்கள் உயரமானவர் என்றால், அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் தலையோ காலோ வெளியே போகும், அது ஒன்றும் குற்றமில்லை. நாலிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தடிமன் போதும். பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் சொகுசாகத் தெரியும், ஆனால் ஒற்றைக்காலில் நிற்கும்போது பாதம் அமுங்கி அமுங்கி ஆடும். முட்டி வலிக்கிறது என்றால் முட்டிக்குக் கீழே மட்டும் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாமே. இயற்கை ரப்பர் பாய் நல்ல பிடிமானம் தரும், ஆனால் வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் பொடிந்துவிடும், ஆகவே மொட்டை மாடிக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். வெளியிடத்துக்கு என் சிபாரிசு பவானி ஜமக்காளம். புல்லிலும் மணலிலும் படிந்து உட்காரும், துவைத்துப் போடலாம், மண் ஒட்டினால் ஓர் உதறல். ஆனால் வீட்டு டைல்ஸ் தரையில் அது சறுக்கும். கோரைப் பாயும் அப்படித்தான், உட்கார, படுக்கச் சுகம், நின்று செய்ய ஆபத்து. பாய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையில்தான், பின்னாளில் ரிஷிகேசத்தில் ஆசிரமம் வைத்து உலகம் பூரா யோகத்தைக் கொண்டுபோன சிவானந்தர் 1887ல் பிறந்தார். ஊர் ராசி.

இப்போது வெளியே போவோம், முதலில் ஏன் தள்ளாடுகிறது என்று. நிற்கும்போது நம் உடம்பு சும்மா நிற்பதில்லை, சதா இலேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தைக் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும், பாதமும் கணுக்காலும் அனுப்புகிற சேதியும், கண்ணும் சேர்ந்து சரி செய்கின்றன. வீட்டில் உங்களுக்கு நாலடி தூரத்தில் சுவர். நீங்கள் ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தாலும் சுவரில் இருக்கிற புள்ளி கண்ணுக்கு நகர்ந்தது மாதிரி தெரியும், மூளை உடனே சரி செய்துவிடும். கடற்கரையில் தொடுவானத்தைப் பார்த்து நிற்கிறீர்கள். அத்தனை தூரத்தில், நீங்கள் ஒரு சாண் சாய்ந்தாலும் அது நகர்ந்த மாதிரியே தெரியாது. கண்ணின் உதவி போயிற்று. கீழே மணல் அமுங்குகிறது, பாதத்தின் சேதியும் குழம்பிவிட்டது. இதில் அலையை வேறு பார்த்தீர்கள் என்றால், அலை நகரும்போது நாமே நகர்கிற மாதிரி ஒரு பிரமை வரும், பக்கத்து ரயில் நகரும்போது நம் ரயில் நகர்கிற மாதிரி தோன்றுமே, அதேதான். மேகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். ஆக மூன்று துணையில் இரண்டு போன பிறகு பத்து விநாடி நின்றதே பெரிய விஷயம். உங்களிடம் ஒரு குறையும் இல்லை.

மணிக்கட்டு வலிக்கும் காரணம் இதே மணல்தான். பலகை மாதிரி நிற்கும் நிலையிலும் அதோமுக சுவானாசனத்திலும் பாரம் உள்ளங்கையின் அடிப்பாகத்தில் விழுகிறது. கெட்டித் தரையில் மணிக்கட்டு ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கும். மணலில் அந்த அடிப்பாகம் புதைந்து, விரல்கள் மேலேயே நிற்க, மணிக்கட்டு இன்னும் பின்னால் மடங்கிவிடுகிறது. துண்டின் ஓரத்தைச் சுருட்டி உள்ளங்கை அடியில் கொடுத்தால் சமாளிக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், கையில் பாரம் விழுகிற எதையும் மணலில் செய்யாமல் விடுவதே மேல். சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று கடற்கரையில் செய்ய வேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லையே.

கடற்கரையில் கவனிக்க இன்னும் சில உண்டு. தண்ணீர் ஓரம் மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிவாக இருக்கும். கரைக்கு இணையாகப் பார்த்து நின்றால் ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில், இடுப்பு கோணிக்கொள்ளும். கடலைப் பார்த்தோ, கடலுக்கு முதுகு காட்டியோ நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கும். படுத்தால் தலை மேட்டுப் பக்கம். நம் கடற்கரை கிழக்குப் பார்த்தது, மே ஜூனில் ஐந்தே முக்கால் வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை தாண்டும். வந்த அரை மணியில் கடலைப் பார்க்கக் கண் கூசும். ‘கண்ணை வருத்தக் கூடாது’ என்று உபநிடதக்காரர் சொன்னது இதற்கும் பொருந்தும், முதுகைக் காட்டி நில்லுங்கள். கடற்காற்றுக்காகத்தான் போகிறேன் என்றால், சித்திரை வைகாசி விடியலில் அது இருக்காது. இரவெல்லாம் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், தரை சூடேறின பிறகு பகலில்தான் கடற்காற்று உள்ளே வரும். விடியலில் கசகசவென்றுதான் இருக்கும். நாய்கள் திரிகிற மணலில் வெறும் உடம்பாகப் படுக்கவும் வேண்டாம், அவற்றின் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழு தோலுக்குள் புகுந்து கோடு கோடாக ஊரும், அரிப்பு உயிரை எடுக்கும். ஜமக்காளம் எதற்கு இருக்கிறது?

மொட்டை மாடி எனக்கு மிகப் பிடித்த இடம், நேரம் தெரிந்து ஏறினால். கோடையில் மாலை ஆறு மணிக்கு ஏறாதீர்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் அப்போதுதான் கக்க ஆரம்பிக்கும், எட்டு மணிக்குக்கூட உள்ளங்கால் சுடும். விடியற்காலைதான் அதற்கு நேரம். தட்டோடு பதித்த பழைய மாடி என்றால் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சரித்திருப்பார்கள். ஒரு பந்தை வைத்தால் எந்தப் பக்கம் உருள்கிறது என்று தெரிந்துவிடும், படுக்கும்போது தலையை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து ஓர் ஆள் நீளமாவது தள்ளி நில்லுங்கள், ஒற்றைக்கால் ஆசனமெல்லாம் நடு மாடியில்தான். துணி காயப்போடும் கம்பியின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கையை வீசி மேலே தூக்கியபோது எதிர்வீட்டுப் பாட்டியின் ஒன்பது கஜம் என் தலையில் வந்து விழுந்து, அன்றைக்கு யோகா அத்தோடு முடிந்தது.

பூங்கா என்றால் நாகேஸ்வர ராவ் பூங்கா மாதிரி மரம் அடர்ந்த இடங்கள் அருமைதான், ஆனால் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் சூரியன் வந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரமும் சாயங்காலம் மறைவதற்கு முந்தைய நேரமும் அதற்குச் சாப்பாட்டு வேளை. நாம் பூங்காவுக்குப் போவதும் அதே வேளை. முழுக்கால் சட்டை, முழுக்கை, கொசு விரட்டிக் களிம்பு, மூன்றும் வேண்டும். தென்னை மரத்தடியில் படுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. சவாசனத்தில் கண்ணை மூடினால் ஏதோ ஈரமாக முகத்தை நக்கும், அது பூங்காவின் நிரந்தர வாசியான நாயாக இருக்கும். வாக்கிங் போகிற பெரியவர்கள் நின்று, ‘தம்பி, முட்டியை மடக்கக் கூடாது’ என்று இலவச வகுப்பு எடுப்பார்கள். ஆண்களுக்கு இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். பெண்களுக்கு அப்படி இல்லை. என்னிடம் கற்றுக்கொண்ட பெண்கள் பலர் சொன்னது, குனிகிற ஆசனம் எதுவானாலும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு கண் போய்க்கொண்டே இருக்கும், சவாசனத்தில் கண்ணை மூடவே முடியாது என்று. கண்ணை மூட முடியாத இடத்தில் சவாசனம் எதற்கு? அதை வீட்டில் செய்யுங்கள். வெளியில் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள்.

‘மரத்தடியில் ஆக்சிஜன் அதிகம்’ என்பதையும் பேசிவிடலாம். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், மரத்தடியிலும் அதுதான், உங்கள் ஹாலிலும் அதுதான். பூட்டிய ஏசி அறையில் மூச்சு முட்டுகிற மாதிரி இருப்பதற்குக் காரணம் நாம் விடுகிற கரியமில வாயு அங்கேயே சேர்வது. ஜன்னலைத் திறந்தால் சரியாகிவிடும். மார்கழி, தை விடியலில் வெளிக்காற்றுதான் மோசம். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையை மேலே போக விடாமல் மூடிபோட்டு வைக்கும், போகிப் பண்டிகை அன்று சொல்லவே வேண்டாம். அந்த மாதிரிக் காலையில், அல்லது பஸ் போகிற ரோட்டோரப் பூங்காவில், கபாலபாதி, பஸ்திரிகா என்று காற்றை வேகமாக உள்ளே வெளியே இழுப்பது புகையைப் பம்ப் வைத்து அடிக்கிற வேலை. சீதளி என்கிற மூச்சுப் பயிற்சியும் வேண்டாம், அதில் காற்று வாய் வழியாகப் போகிறது, மூக்கு முடியின் வடிகட்டல் அதற்குக் கிடையாது. ‘காலை வெயிலில் வைட்டமின் டி’ என்பதும் முக்கால் பொய். அதைத் தோலில் உண்டாக்குகிற புறஊதாக் கதிர் சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெகு குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கிறவரை பெரிதாக ஒன்றும் நடக்காது.

அப்படியென்றால் வெளியே போவதில் என்ன இருக்கிறது? வெளிச்சம் இருக்கிறது. மேகமூட்டமான காலையில்கூட வெளியில் இருக்கும் வெளிச்சம் டியூப்லைட் எரிகிற ஹாலைவிடப் பல மடங்கு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அது கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் நேர்ப்படும், இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும். ராத்திரி ஷிப்டு, அமெரிக்கா போன் கால் என்று தூக்கம் கெட்டவர்களுக்கு எந்த ஆசனத்தையும்விட இது பெரிய மருந்து என்பேன். அடுத்தது, நாள் பூராவும் ஒன்றரை அடியில் இருக்கும் திரையைப் பார்த்த கண், தூரத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை தளர்கிறது. விருட்சாசனத்தைக் கெடுத்த அதே தொடுவானம் கண்ணுக்கு நல்லது. அப்புறம் அந்தத் தள்ளாட்டமே ஒரு பயிற்சி. சமதரையில் தூங்கிக்கொண்டிருக்கிற கணுக்கால் தசைகள் மணலில் விழித்துக்கொள்கின்றன. வீட்டில் நன்றாக வந்த ஓர் ஆசனத்தை வெளியில் அரைகுறையாகச் செய்துவிட்டு வந்து, மறுநாள் வீட்டில் செய்து பாருங்கள், நிலை கெட்டியாகியிருக்கும்.

எதை எங்கே என்று கேட்டால், நான் பிரித்துக்கொண்டிருப்பது இப்படி. கையில் பாரம் விழுபவை, தலைகீழ் நிலைகள், முதுகை நன்றாக வளைப்பவை, காலை நீட்டி உட்கார்ந்து குனிகிற பச்சிமோத்தாசனம் மாதிரி நெடுநேரம் இருக்க வேண்டியவை, சவாசனம் எல்லாம் வீட்டில், வாரம் ஐந்து நாள், நாற்பது நிமிடம். இரண்டு நாள் வெளியில், அதில் பாதி நேரம் நடை, செருப்பைக் கழற்றிவிட்டு. மீதி நேரம் தாடாசனம், கையைத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்வது, காலை அகட்டி ஒரு முட்டியை மடக்கி நிற்கிற வீரபத்திராசனம், விருட்சாசனம், கடைசியில் உட்கார்ந்து காற்று நன்றாக இருந்தால், மூக்கின் ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி. நேரத்தைப் பற்றித் திருமூலர் ஒரு கணக்குச் சொல்கிறார். விடியலில் செய்தால் பித்தம் போகும், நடுப்பகலில் வாதம் போகும், அந்தியில் கபம் போகும் என்று. எனக்கு அதில் தெரிகிற சேதி, மூன்று நேரமும் உதவும், ஒரு நேரம் தவறினால் இன்னொரு நேரத்தில் செய் என்பது. வயிறு காலியாக இருந்தால் சரி. முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நாலு மணி நேரம், இரண்டு இட்லிக்கு இரண்டு மணி நேரம். அரை டம்ளர் பில்டர் காபி குடித்துவிட்டுச் செய்யலாமா என்று என்னிடம் எல்லோரும் கேட்பார்கள், நான் குடித்துவிட்டுத்தான் செய்கிறேன்.

வீடோ வெளியோ, சில பேர் சில ஆசனங்களைத் தொடக் கூடாது. கண்ணில் அழுத்த நோய் இருப்பவர்கள் தலை கீழே போகிற எதையும் தவிர்க்க வேண்டும், கண் அழுத்தம் கூடும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இருந்தால் கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டாம். பத்மாசனம் வரவில்லை என்றால் பாதத்தைப் பிடித்து இழுத்து ஏற்றாதீர்கள். திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு, அது திரும்பாமல் இழுத்தால் முட்டி திருகிக்கொள்ளும். நம் தாத்தா பாட்டி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தி உட்கார்ந்து வேலை செய்து அந்த இடுப்பை வைத்திருந்தார்கள். நாம் சோபாவிலும் சுழல் நாற்காலியிலும் வளர்ந்தவர்கள், சம்மணம் போட்டு உட்காருவதிலிருந்து ஆரம்பிப்போம். சாப்பாட்டையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது தனி யோகா.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் வெளி வேலை தானாக நின்றுவிடும். அப்போது பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, அதன் முன் உட்கார்ந்து, வண்டு மாதிரி ரீங்கரித்து மூச்சு விடும் பிராமரி செய்யுங்கள், மழைச் சத்தத்தோடு அந்த ரீங்காரம் நன்றாகச் சேரும். பாய் ஈரம் காயாமல் பூஞ்சை வாடை வரும், பேனுக்கடியில் நாற்காலி மேல் விரித்துப் போடுங்கள், சுருட்டி மூலையில் வைக்காதீர்கள்.

மழைக்கு முன்பே இன்னொரு ஞாயிறு பெசன்ட் நகர் போவதாக இருந்தால், தண்ணீர் ஓரம் வரை போக வேண்டாம். அங்கே ஷ்மிட் நினைவு மண்டபம் வெள்ளையாக நிற்கிறதல்லவா, அதற்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால், கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். விருட்சாசனத்தில் பாதத்தைத் தொடை வரை ஏற்ற வேண்டாம், கெண்டைக்காலில் வைத்தால் போதும். கண்ணை மண்டபத்தின் ஒரு தூணில், ஏதாவது ஒரு புள்ளியில் வையுங்கள். எத்தனை விநாடி நிற்கிறீர்கள் என்று வந்து சொல்லுங்கள்.